தொட்டிக்கு வெள்ளையடித்த வென்சலின் கணக்கு

ஒன்றரை டாலர்.
வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதம்,
நகரசபை எனக்களந்த கூலி அது.
வேலை: பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை அழிப்பது.

மினசோட்டாவின் மேற்கோரத்தில் எங்கள் ஊர்.
கோதுமை, அதற்கு மேல் வானம்,
நடுவில் நாலு காலூன்றி நிற்கும் தண்ணீர்த் தொட்டி.
உயரம் என்று சொல்லிக்கொள்ள அதை விட்டால்
லூத்தரன் கோயில் மணிக்கூண்டுதான்.
ஆகவே கடைசி வகுப்பு
தான் வெளியேறும் ஆண்டை
தொட்டியின் வயிற்றில் எழுதும்.
மறு இரவே கீழ்வகுப்பு ஏறி
அதன்மேல் தாரை இழுக்கும்.
மூன்றாம் நாள் "வென்சல், ஏணியை எடு" என்று ஆள் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில்
சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது.
கீழ்வகுப்புத் தலைவன் ஆர்வில் ஸ்டப்ஸை
மாவுச் சாக்கில் கழுத்துவரை கட்டி
தானியக் கிடங்கில் விடியவிடிய உட்காரவைத்தார்கள்.
பதிலுக்கு, விருந்தன்று
மூன்று வாளி ஐஸ்கிரீம் காணாமல் போனது.
வாளிகள் கிடைத்தன மணிக்கூண்டில், நக்கிய சுத்தத்தோடு;
பக்கத்தில் பதினாறு கரண்டி, வரிசை பிசகாமல்.

ஓஸ்மோ மளிகைக்கடை வீட்டில்
அண்ணன் டோர்வால்ட் பன்னிரண்டு,
தங்கை போர்கில்ட் பதின்மூன்று.
ஒரே மேசை. உப்பு வேண்டுமென்றால்
அம்மாவிடம் கேட்பார்கள்,
அம்மா வாங்கி அம்மா கொடுப்பாள்.

அந்த மே மாதம் மேல்வகுப்பு காவல் போட்டது:
கீழே லாந்தர், ஒரு கூடை அழுகின முட்டை,
முறைக்கு ஒரு பையன்.
விடிந்து மூடுபனி விலகியபோது
12 அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல்.
அதற்கும் மேலே,
ஏணி எட்டாத தொப்பிக் கூரையில்,
ஆளுயரத்தில் பச்சையாக 13.

ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது.
கீழ்வகுப்புப் பையன்கள் ஒன்பது பேர்;
ஒன்பது பேரும் "நான்தான்" என்று சத்தியம் செய்தார்கள்.
தலைமையாசிரியர் பிரிட்சர்டு அவர்களை நிறுத்தி
கரும்பலகையில் பதின்மூன்று எழுதச் சொன்னார்.
ஒன்றும் ஒத்துவரவில்லை.
பெண்பிள்ளைகளை அவர் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை டால்பி ஊர்ப் பையன்கள்
பேஸ்பால் ஆட ரயிலில் வந்து இறங்கினார்கள்.
"உங்கள் தொட்டிக்கு எண்ணத் தெரியாதா?" என்று சிரித்தார்கள்.
அவ்வளவுதான்.
பன்னிரண்டும் பதின்மூன்றும் தோளோடு தோள் ஒட்டி
ஊளையிட்டதில்
மைதானத்து ஓரம் குதிரைகள் மிரண்டன.
ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம்.
ஜெயித்தவர்கள் மாதிரி கத்திக்கொண்டே வீடு போனார்கள்.
திங்கட்கிழமை மறுபடி முட்டை பறந்தது.

செவ்வாயன்று நான் ஏறினேன்.
ஏணி முடிகிற இடத்தில் ஒரு திருகாணி;
அதில் நீலப் பாவாடைத் துணி, விரலகலம்.
பக்கத்திலிருந்து பார்த்தால்
அந்த மூன்றுக்குத் தலை தட்டை,
மேலே நேர்கோடு, கீழே வயிறு.
எங்கேயோ பார்த்த மூன்று.

இறங்கி, சட்டைப்பையில் கிடந்த ரசீதைப் பிரித்தேன்.
ஓஸ்மோ கடை. ஆணி இரண்டு பவுண்டு. 13 சென்ட்.

அன்றிரவு இரண்டாம் சாமத்தில்
லாந்தரோடு நின்றவன் டோர்வால்ட்.
தூங்கிவிட்டேன் என்று அவன் சொன்னதாகக் கேள்வி.
ஆனால் காலையில் லாந்தரில்
எண்ணெய் பாதி மிச்சமிருந்தது.
தூங்குகிறவன் திரியை இறக்குவானா,
எனக்குத் தெரியாது.
பிராகுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில்
இரண்டு வகுப்பு படித்தவன் நான்.

கடைக்குப் போனேன்.
"பச்சை வண்ணம் இருக்கிறதா?"
போர்கில்ட் பேரேட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"தீர்ந்துவிட்டது."
கொஞ்சம் கழித்து, "வெள்ளை இருக்கிறது" என்றாள்.

அந்த வெள்ளையில்
ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக விட்டேன்.
12-க்கு மூன்று பூச்சு, 13-க்கு ஒன்று.
மறு ஏப்ரலில் பனி உருகியதும்
அவர்களுடைய வருஷத்தில்
அது தானாக வெளியே வந்தது,
முளைக்கீரை நிறத்தில், மங்கலாக.

பிரிட்சர்டு கூப்பிட்டு விசாரித்தார்.
"குளிர் அப்படி, ஐயா" என்றேன்.
அந்த வருஷத்திலிருந்து கூலி ஒரு டாலர்.